கூட்டிட்டு வந்த பேஷண்ட் தப்புங்க

1/
போன வாரம் ஒரு வரி போட்டேன்: "2025 ஏப்ரல்ல டெம்பஸ்ட் ரைசிங் வருது, நாள் எண்ணிட்டு இருக்கேன்." அதுக்கு வந்த பதில்ல பாதி இப்படி: "டாக்டர், நீங்களுமா?" "உங்ககிட்ட வர்ற பசங்களுக்கு என்ன சொல்லுவீங்க?" "கேம் பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்க வேண்டியவரே கேமுக்கு விளம்பரம் பண்றார்." சரி, உக்காந்து பதில் சொல்லிடறேன். நீளமான திரெட். டீ எடுத்துட்டு வாங்க.

2/
முதல்ல நான் யாருன்னு. புதுச்சத்திரத்துல சாயந்திரம் கிளினிக் வெச்சிருக்கற சாதாரண டாக்டர். சேலத்துலருந்து நாமக்கல் போற ஹைவேல ராசிபுரம் பிரிவு தாண்டினா வர்ற ஊர். என்கிட்ட வர்றவங்க கோழிப்பண்ணைல வேலை பாக்கறவங்க, லாரி டிரைவருங்க, மரவள்ளி போட்டவங்க, ஸ்கூல் பசங்க. நான் மனநல நிபுணர் கிடையாது. ஆனா மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினை எல்லாம் முதல்ல வந்து உக்கார்றது எங்களை மாதிரி ஆளுங்க முன்னாடிதான். தலைவலி, தூக்கமில்ல, நெஞ்சு படபடப்புன்னு பேரை மாத்திட்டு வரும்.

3/
மார்ச் கடைசில நடந்தது. (அந்தக் குடும்பத்தோட சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரம் மாத்தியிருக்கேன்.) ஒரு அம்மா பையன் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பதினொண்ணாவது பரீட்சை முடிச்ச பையன். பின்னாடியே அப்பா. சொந்தமா ஒரு லாரி, அவரே ஓட்டறார்.

4/
"ஏனுங்க டாக்டர், என்ற பையன் கேம் பைத்தியமாயிட்டானுங்க. ஏதோ கேம் வருதாமா, மூணு வருசமா அதையே பேசறான். காலண்டர்ல நாளை அடிச்சுட்டு இருக்கறான். பன்னண்டாவது போறான், நீட் இருக்குது. மனசு மாற ஏதாவது மாத்திர குடுங்க சாமி."

பையன் தரையைப் பாத்துட்டு நின்னான். அப்பா போனைப் பாத்துட்டு நின்னார்.

5/
"என்ன கேம் தம்பி?"ன்னேன். "உங்களுக்குத் தெரியாது சார்." "சொல்லு, பாக்கலாம்." "டெம்பஸ்ட் ரைசிங்." நான் உடனே "ஜிடிஎஃப் சைடா, டைனஸ்டி சைடா?"ன்னு கேட்டேன். பையன் மூஞ்சி மாறினதைப் பாக்கணுமே! அந்தம்மா என்னைப் பாத்த பார்வையையும் பாக்கணும். தப்பான ஆஸ்பத்திரிக்கு வந்துட்டமோன்னு அவங்களுக்கு சந்தேகம் வந்திருக்கும்.

6/
தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்த வகைக்கு ஆர்டிஎஸ்னு பேரு. ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி. நிலத்துல கிடைக்கறதைச் சேகரிக்கணும், அதை வெச்சு கட்டடம் கட்டணும், படை திரட்டணும், எதிரியைச் சமாளிக்கணும். செஸ் மாதிரி நீங்க யோசிச்சு முடிக்கற வரைக்கும் எதிராளி காத்திருக்க மாட்டான். எல்லாம் ஒரே நேரத்துல நடக்கும்.

7/
எங்க ஊர்க்காரங்களுக்கு இதை சுலபமா சொல்லலாம். பத்தாயிரம் கோழி வெச்சிருக்கறவரைப் பாருங்க. தீவனம் தீரப்போகுது, மூணாவது ஷெட்ல தண்ணி லைன் அடைச்சிருக்கு, பக்கத்துப் பண்ணைல நோய் வந்திருக்குன்னு சேதி, முட்டை விலை இறங்குது, லாரி வாசல்ல நிக்குது. எதை முதல்ல பாக்கறது? எதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்? அதுதான் ஆர்டிஎஸ். கோழிக்குப் பதிலா டாங்கி.

8/
நம்ம திண்ணைல ஆடின ஆடுபுலி ஆட்டத்துக்கும் இதுக்கும் தூரம் ரொம்ப இல்ல. அங்க 3 புலி, 15 ஆடு. ரெண்டு பக்கத்துக்கும் பலம் வேற, ஜெயிக்கற வழி வேற. புலி வெட்டி ஜெயிக்கணும், ஆடு சேர்ந்து நின்னு புலியைக் கட்டிப் போடணும். ஆர்டிஎஸ் ஆடறவங்க ஒவ்வொரு படையும் வேற வேற மாதிரி இருக்கணும்னு மல்லுக்கட்டுவாங்க இல்ல? அதை நம்ம பாட்டிங்க கல்லுல கோடு போட்டு ஆடிட்டு இருந்தாங்க.

9/
கம்ப்யூட்டர்ல இந்த வகைக்கு அச்சு வார்த்தது 1992-ல வெஸ்ட்வுட் ஸ்டுடியோ செஞ்ச ட்யூன் 2. அப்புறம் 1995-ல அவங்களே கமாண்ட் அண்ட் காங்கர். 1997-ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998-ல ஸ்டார்கிராஃப்ட், 2000-த்துல ரெட் அலர்ட் 2. என் வயசுக்காரங்களுக்கு பிரவுசிங் சென்டர் வாசனையே திரும்ப வந்திருக்கும் இப்போ. மணிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து, பாதி நேரம் மரம் வெட்டவே போயிடும்.

10/
அப்புறம் அந்த வகை மெலிஞ்சு போச்சு. வெஸ்ட்வுட்டை வாங்கின கம்பெனி 2003-ல மூடினாங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செஞ்ச என்சம்பிள் 2009-ல மூடியாச்சு. என் கணிப்பு இதுதான்: ஒரு தடவை காசு வாங்கிட்டு ஆளை விட்டுடற கேம்ல லாபம் கம்மி. தினமும் கையைப் புடிச்சு இழுக்கற கேம்லதான் பணம். முதலீடு அந்தப் பக்கம் போயிடுச்சு.

11/
அதனாலதான் டெம்பஸ்ட் ரைசிங்னா எங்களுக்கு இவ்வளவு ஆசை. டென்மார்க்ல இருக்கற ஸ்லிப்கேட் அயர்ன்வொர்க்ஸ் செஞ்சது. பழைய கமாண்ட் அண்ட் காங்கரைப் பாத்து வளந்தவங்கன்னு ஒளிக்காம காட்டிக்கறாங்க. கியூபா ஏவுகணை நெருக்கடி நிஜமாவே அணு ஆயுதப் போரா முடிஞ்சிருந்தா உலகம் எப்படி இருக்கும்னு கதை. ரெண்டு தரப்பு, ஒவ்வொண்ணுக்கும் 11 மிஷன். பழைய கேமுக்கு இசை போட்ட ஃபிராங்க் கிளெபாக்கி இதுலயும் இருக்கார். 2022-ல அறிவிச்சப்போ 2023-ல வரும்னாங்க. தள்ளித் தள்ளி 2025 ஆயிடுச்சு.

12/
இப்போ அந்தப் பையன்கிட்ட திரும்பலாம். அறிவிப்பு வந்தப்போ ஒம்பதாவது படிச்சுட்டு இருந்திருக்கான். அண்ணன் முறைல ஒருத்தர் குடுத்த பழைய கம்ப்யூட்டர். பொங்கல் காசு, திருவிழாக் காசு, லீவுல பண்ணைல முட்டை அடுக்கின காசுன்னு ஒரு டப்பால சேத்து வெச்சிருக்கான். ஒரு நோட்டு நிறைய மேப் வரைஞ்சு வெச்சிருக்கான். அம்மா அதை ஆதாரமா கொண்டு வந்திருந்தாங்க! வாங்கிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஒரு பாலம். நல்லா வரைஞ்சிருந்தான்.

13/
டாக்டரா கேக்க வேண்டியதைக் கேட்டேன். எத்தனை மணிக்குத் தூங்கற? பத்தரை. காலைல? ஆறு. இப்போ எவ்வளவு நேரம் ஆடற? சனி, ஞாயிறு ரெண்டு மணி நேரம், பழைய ரெட் அலர்ட். பரீட்சை சமயத்துல? ஆடல. ஆடாதப்போ எரிச்சல் வந்துச்சா? யோசிச்சுட்டு, "போரடிச்சுது சார்"னான். மார்க்கு குறையல. கிரவுண்டுக்குப் போறான், வாலிபால் ஆடறான்.

மாத்திரை எழுத ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட சொன்னேன், நம்பல.

14/
"இவரையும் ஒருக்கா பாத்துருங்க, ராத்திரில தூங்கவே மாட்டேங்கறாரு"ன்னு சும்மா போற போக்குல அப்பாவைக் காட்டினாங்க. பிபி 160/100. கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. கஃப் கட்டியிருக்கற கைல போனு நடுங்குது. "ஒரு நிமிசம் சார், இந்த ஆட்டம் முடிஞ்சுரும்"னார்.

நான் அம்மாவையும் பையனையும் வெளிய உக்காரச் சொன்னேன்.

15/
ரம்மி. ஒன்றரை வருஷமா. லோடு ஏத்தற எடத்துல காத்திருக்கற நேரத்துல ஆரம்பிச்சிருக்கு. முதல்ல ஜெயிச்சிருக்கார், அதான் சனியன். அப்புறம் டீசல் காசு. அப்புறம் லாரி டியூ ரெண்டு மாசம். அப்புறம் மச்சான்கிட்ட, தெரிஞ்சவங்ககிட்ட கைமாத்து. "இப்ப ராத்திரி பன்னண்டு மணிக்கு நிறுத்திப் போடறாங்க சார். அதனால அதுக்குள்ள புடிச்சுரணும்னு வேகமா ஆடறனுங்க."

கடைசில தலையைக் குனிஞ்சுட்டு ஒண்ணு சொன்னார். "பையன் டப்பால வெச்சிருந்ததையும் எடுத்துப் போட்டுட்டனுங்க. ஜெயிச்சு வெச்சரலாம்னு நெனச்சேன். அவனுக்கு இன்னும் தெரியாதுங்க."

16/
இப்போ சொல்லுங்க. அந்த வீட்டுல கேம் பைத்தியம்னு யாரை டாக்டர்கிட்ட இழுத்துட்டு வந்தாங்க? என் கிளினிக் வாசல்ல ஒவ்வொரு மாசமும் இந்தத் தப்பு நடக்குது. காத்திருக்கறவனைக் கூட்டிட்டு வர்றாங்க. காத்திருக்கவே முடியாதவர் துணைக்கு வர்றார்.

17/
இந்தத் தப்புக்குக் காரணம் ஒரு சொல்லு. கேம். பதினாறு வயசுப் பையன் காசு சேத்து வாங்கற கதையும் கேம். டியூ காசை முழுங்கற சீட்டாட்டமும் கேம். ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடறதால யாருக்கு லாபம்? பையனுக்கு இல்ல. சீட்டாட்டத்துக்குத்தான். "நாங்களும் கேமிங் கம்பெனிதான்"னு சட்டையை மாட்டிட்டு வெளிச்சத்துல நிக்கலாமே.

18/
நம்ம முன்னோர் இதுல தெளிவாத்தான் இருந்தாங்க. விளையாட்டுக்கு ஒரு சொல்லு, சூதுக்கு வேற சொல்லு. திருக்குறளை எடுத்துப் பாருங்க. 93 கள்ளுண்ணாமை, 94 சூது. அதுக்கு அடுத்த அதிகாரம் என்ன தெரியுமா? 95, மருந்து. வள்ளுவர் எந்த எண்ணத்துல வெச்சாரோ, எங்க டாக்டருங்களுக்கு அந்த வரிசை ரொம்பச் சரியா இருக்கு.

19/
"ரம்மி திறமை விளையாட்டு சார், கோர்ட்டே சொல்லியிருக்கு"ன்னு யாராவது வருவாங்க. ஆமா, சொல்லியிருக்கு. 1960-கள்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, கிளப்புல மேஜையைச் சுத்தி மனுஷங்க உக்காந்து ஆடின ரம்மியைப் பத்தி. அந்த மேஜை ராத்திரி கிளப் மூடினா மூடும். உங்க தலகாணிக்கு அடியில வந்து படுத்துக்காது. "போனஸ் காத்திருக்கு"ன்னு ரெண்டு மணிக்கு எழுப்பாது.

20/
நம்ம மாநிலத்துல நடந்ததையும் சுருக்கமா சொல்றேன். 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. 2022-ல ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, அதுக்கப்புறம் அக்டோபர்ல சட்டமன்றத்துல புதுச் சட்டம். ஆளுநர் 2023 மார்ச்ல திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேத்தி ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. 2023 நவம்பர்ல கோர்ட், சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதுகளை அட்டவணைல வெச்சு தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

21/
2025 பிப்ரவரில தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் காசு வெச்சு ஆடற கேமுக்கு விதி கொண்டு வந்துச்சு. 18 வயசுக்குக் கீழ கூடாது. ஆதார் காட்டணும். ராத்திரி 12-லருந்து காலைல 5 வரைக்கும் கடை மூடணும். இதை எதிர்த்தும் கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. நல்ல கேள்வி ஒண்ணு: திறமை விளையாட்டுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு அரைத்தூக்கத்துல இருக்கற லாரி டிரைவர்கிட்ட அப்படி என்ன திறமை பொங்குதுன்னு அஞ்சு மணி நேரம் மூட மாட்டேங்கறீங்க?

22/
நாமக்கல்காரங்களுக்கு இதுக்கு பதில் தெரியும். ராத்திரி ஹைவேல வரும்போது முட்டைக்கோழிப் பண்ணைல லைட் எரியறதைப் பாத்திருப்பீங்க. பகல் வெளிச்சத்தோட லைட் வெளிச்சத்தையும் சேத்து தினமும் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் குடுத்தாத்தான் கோழி ஒழுங்கா முட்டை போடும். வெளிச்சம் மூளையைத் தூண்டும், மூளை ஹார்மோனைத் தூண்டும். லைட்டை அணைச்சா முட்டை குறையும். கோழிக்குத் தூக்கம் வருதான்னு யாரும் கேக்கறதில்ல.

அந்த ஆப்புல லைட்டை அணைக்க மாட்டேங்கறது அதே கணக்குத்தான்.

23/
மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னும் சொல்லிடறேன். ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் புறா, எலி வெச்சு பண்ணின சோதனை எங்க பாடப் புத்தகத்துல உண்டு. பொத்தானை அழுத்தினா ஒவ்வொரு தடவையும் தீனி வந்தா, வயிறு நிறைஞ்சதும் புறா நிறுத்திடும். எப்போ வரும்னு தெரியாம, ஒரு தடவை வந்து ஏழு தடவை வராம இருந்தா? நிறுத்தவே நிறுத்தாது. "ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா முடிச்சிருப்பேன் சார்"னு அந்த அப்பா சொன்னார் பாருங்க, அந்த ஒரு சீட்டுதான் இது. தோத்ததா அவர் மூளை கணக்கு வெக்கல. கிட்டத்தட்ட ஜெயிச்சதா வெச்சிருக்கு.

24/
ஆர்டிஎஸ்ல தோத்தா எப்படி இருக்கும்? இருபது நிமிஷம் கட்டினது மொத்தமும் எரியும். ஏன் தோத்தோம்னு தெளிவாத் தெரியும்: ஆளு கம்மி, கோபுரம் லேட்டு, பாலத்தைக் காக்கல. எதிராளிக்கு "ஜிஜி"ன்னு டைப் பண்ணணும். நல்ல ஆட்டம்னு அர்த்தம். அதை எழுதாமப் போனா மரியாதை கெட்டவன்னு சொல்லுவாங்க. தோல்வியை ஒத்துக்கிட்டு, எதிராளிக்கு வணக்கம் சொல்லிட்டு எழுந்து போறதைப் பழக்கற ஆட்டம். ரம்மி ஆப்புல தோத்தவனுக்கு வர்ற மெசேஜ் என்ன? இன்னும் காசு போடு, போனஸ் தர்றோம்.

25/
"கேமர் டாக்டர், சப்பைக்கட்டு கட்டறார்"னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம் பேத்தாலஜி இன்டர்னல்ல நான் ஃபெயில். காரணம் ஹாஸ்டல் ரூமுக்கு ரூம் ஒயர் இழுத்து ஆடின ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. மூணு மாசம் தூக்கம் கெட்டு ஆடினேன். ஒரு பேராசிரியர் வார்டுல எல்லார் முன்னாடியும் கேட்டார்: "தம்பி, நீ ராஜாவா, டாக்டரா?" இன்னும் காதுல இருக்கு.

26/
அதனால ஆர்டிஎஸ் புனிதம்னு சொல்ல வரல. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11-ஐ 2019-ல ஏத்துக்கிட்டாங்க, 2022 ஜனவரிலருந்து அமல்ல இருக்கு. அதுல சூதாட்டக் கோளாறும் இருக்கு, கேமிங் கோளாறும் இருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனா தனித்தனிக் கதவு. காசே வெக்காம ஆடினாலும் ரெண்டாவது கதவு வழியா உள்ள போக முடியும். நான் வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்தவன்.

27/
ஆனா அந்தக் கதவைத் திறக்க மூணு சாவி வேணும். ஒண்ணு, எப்போ ஆரம்பிக்கறது, எப்போ நிறுத்தறதுங்கறது கைய விட்டுப் போகணும். ரெண்டு, சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை எல்லாத்தையும் விட கேம் முன்னாடி வந்து நிக்கணும். மூணு, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடரணும். இது பொதுவா 12 மாசமாவது நடந்திருக்கணும். "டிரெய்லரை நாப்பது தடவை பாத்தான்", "காலண்டர்ல தேதி அடிக்கறான்" எல்லாம் இந்தப் பட்டியல்லயே இல்ல. ஆசைப்பட்டுக் காத்திருக்கறது நோய் கிடையாது. பசங்களோட வேலையே அதுதான்.

28/
நல்லதும் இருக்கா? 2013-ல ப்ளோஸ் ஒன் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அவ்வளவா கேம் ஆடாத 72 பெண்களை 40 மணி நேரம் ஆட வெச்சாங்க. சில பேருக்கு ஸ்டார்கிராஃப்ட், சில பேருக்கு வாழ்க்கை நடத்தற சிம்ஸ். ஸ்டார்கிராஃப்ட் ஆடினவங்களுக்கு ஒரு வேலைலருந்து இன்னொண்ணுக்கு மனசை மாத்தற திறன் கூடியிருந்துச்சு. சின்ன ஆய்வு. இதை வெச்சு "கேம் ஆடினா ஐஏஎஸ் ஆயிடலாம்"னு யாராவது கோச்சிங் சென்டர் ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல. ஆனா திறமைங்கற சொல்லு எந்தப் பக்கம் பொருந்தும்னு யோசிங்க.

29/
அந்தத் திறமைங்கற சொல்லைச் சூதுக்குக் குடுத்துட்டு நாம இழந்ததையும் சொல்லணும். 2022 ஏப்ரல்ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு பகுதி வந்துச்சு. அதுல திராவிடர்னு ஒரு தரப்பு. ராஜேந்திர சோழன் கதை. உருமி சுத்தற வீரன், திரிசடைன்னு கப்பல். ஊட்ஸ் எஃகுன்னு ஒரு தொழில்நுட்பம், எதிரி கவசத்தையே மதிக்காம வெட்டும். மெடிக்கல் கோர்னு இன்னொண்ணு, அடிபட்ட யானை தானா தேறி வரும். ஒரு டாக்டருக்கு இதைவிட என்ன வேணும்!

30/
அந்த எஃகுக்கு நம்ம கொங்கு மண்ணுல சாட்சி இருக்கு. கொடுமணல்ல தோண்டினப்போ இரும்பு, எஃகு உருக்கின தடயம் கிடைச்சுது. சேலம் கஞ்சமலைல காந்த இரும்புக்கல் கொட்டிக் கிடக்கு. அந்தக் கதையை எடுத்து உலகம் முழுக்க ஆட வெச்சது வெளிநாட்டு ஸ்டுடியோ. அதே வருஷங்கள்ல நம்ம ஊர் டிவில கேமிங்னு வந்தது என்ன? நடிகருங்க சிரிச்சுக்கிட்டே சீட்டுக்கட்டை நீட்டின விளம்பரம். கடைசில ஒரு வரி, மூச்சு விடாம ஓடும்: "இதில் நிதி அபாயம் உள்ளது." அபாயம்னு தெரியுதுல்ல?

31/
இப்போ எங்க பகுதிக்கே ஒரு வார்த்தை. நாமக்கல், ராசிபுரம் சுத்தி இருக்கற விடுதிப் பள்ளிங்களுக்கு ஊரு வெச்ச பேரு பிராய்லர் ஸ்கூல். நானும் ஒரு பிராய்லர்தான். காலைல அஞ்சு மணிலருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் படிப்பு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வெளிய விடுவாங்க. அன்னிக்கு பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் ஆடினதுக்கு வார்டன் பிரம்பு உடையற வரைக்கும் அடிச்சார். அடிச்சும் என்ன ஆச்சு? கதவு திறந்ததும், காலேஜ் ஹாஸ்டல்ல மூணு மாசம் விடிய விடிய ஆடி பேத்தாலஜில ஃபெயில் ஆனேன்.

32/
பசிச்சவன் முன்னாடி இலையைப் போட்டா அளவாச் சாப்பிட மாட்டான். ரெண்டு வருஷம் விளையாட்டே இல்லாம அடைச்சு வெச்சு, பதினெட்டு வயசுல கைல போனும் யுபிஐயும் குடுத்து வெளிய விடறோம். அவன் முன்னாடி முதல்ல வந்து நிக்கறது எது? ஸ்ட்ராட்டஜி கேம் இல்ல, அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும், பொறுமை வேணும். "முதல் டெபாசிட்டுக்கு இரட்டிப்பு போனஸ்" தான் நிக்கும். அளவா விளையாடப் பழகினவன் அதை ஒரு தடவை மேலயும் கீழயும் பாப்பான். பழகாதவன் உள்ள போயிடுவான்.

33/
"அப்போ காசு வெக்காத கேம் எல்லாம் ஆடலாமா?" அப்படியும் சொல்லல. இலவசம்னு போட்டிருக்கற கேமைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். பெட்டியைத் திறந்தா என்ன வரும்னு தெரியாது, திறக்கறதுக்குக் காசு, நாளைக்கு வரலைன்னா இத்தனை நாள் சேத்தது போயிடும்னு மிரட்டல். இதெல்லாம் சீட்டாட்டத்தோட சித்தப்பா பையன். பெத்தவங்க கவனிக்க வேண்டியது கேம்ல துப்பாக்கி இருக்கா, டாங்கி இருக்காங்கறதை விட, அது பிள்ளையை எழுந்து போக விடுதாங்கறதைத்தான்.

34/
அதனால பெத்தவங்களே, போனை உடைக்கறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்ட நாலு கேள்வி கேளுங்க.
என்ன கேம், காட்டு பாக்கலாம்?
காசு எப்போ கேக்கும்? ஒரே தடவையா, தினமுமா?
நடுவுல நிறுத்தி வெச்சு நாளைக்குத் தொடர முடியுமா?
இதுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கா?

அப்புறம் இதே நாலு கேள்வியை வீட்டுல இருக்கற பெரியவங்க போனையும் பாத்துக் கேளுங்க. கஷ்டமா இருக்கும். கேளுங்க.

35/
சக டாக்டருங்களுக்கு: தூக்கமில்ல, பிபி ஏறுதுன்னு வர்ற நாப்பது வயசு ஆம்பளைகிட்ட பீடி, சிகரெட், தண்ணி பழக்கம் கேக்கறோம்ல, நாலாவதா "போன்ல காசு வெச்சு ஆடறீங்களா?"ன்னு கேளுங்க. தனியாக் கேளுங்க, குரலை ஏத்தாமக் கேளுங்க. நான் அன்னிக்கு பிபி மாத்திரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தா, அடுத்த சேதி வேற மாதிரி வந்திருக்கலாம்.

36/
அரசாங்கத்துக்கு: ராத்திரி 12 - 5 விதியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடாதீங்க. அந்த அஞ்சு மணி நேரத்துல எத்தனை வீட்டுல ஆளு தூங்கறாங்கன்னு கோர்ட்டுக்குச் சொல்ல எங்க மாதிரி டாக்டருங்களைக் கூப்பிடுங்க, வர்றோம். ஆனா அடுத்த தடவை "ஆன்லைன் கேம்"னு எழுதும்போது பையனோட மேப் நோட்டையும் சீட்டுக்கட்டையும் ஒரே கோப்புல போடாதீங்க. சூதுன்னு எழுதுங்க. தமிழ்ல சொல்லு இருக்கு.

37/
அந்தக் குடும்பம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அப்பாவை மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன். பேங்க் கணக்கு இப்போ அம்மா கைல. ஆப்பை அழிச்சார், ஒரு வாரத்துல மறுபடி ஏத்தினார், மறுபடி அழிச்சிருக்கார். இது அப்படித்தான் போகும், ஒரே நாள்ல தீராது. டியூ பாக்கி இன்னும் இருக்கு. பிபி கொஞ்சம் இறங்கியிருக்கு.

38/
டப்பாக் காசை எடுத்ததை அவரே பையன்கிட்ட சொல்லணும்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் ரொம்பப் பயந்தார். மச்சானுக்குப் பயப்படல, பைனான்ஸ்காரனுக்குப் பயப்படல, பையனுக்குப் பயந்தார். போன ஞாயித்துக்கிழமை சொல்லிட்டார். அடுத்த நாள் அம்மா வந்து என்கிட்ட சொன்னாங்க. பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். மாடிக்குப் போயிட்டானாம். அப்புறம் இறங்கி வந்து சொன்னானாம்:

"கேம் எங்கயும் போகாதுப்பா. ஆறு மாசம் போனா வெல கொறையும். அப்ப வாங்கிக்கறேன்."

39/
அந்தம்மா அழுதுட்டே, "இவனைப் போயி பைத்தியம்னு கூட்டியாந்தனுங்களே"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நோட்டைத் திருப்பிக் குடுத்தேன். அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கோபுரம் வெச்சா நல்லா இருக்கும்னு மட்டும் பென்சில்ல குறிச்சிருந்தேன்.

40/
உங்க வீட்டுல யாராவது இந்தச் சீட்டாட்டத்துல மாட்டியிருந்தா, கடன்ல மூச்சு முட்டுதுன்னா, உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். வெக்கப்பட ஒண்ணுமில்ல. அந்த அப்பாவும் வெக்கப்பட்டுத்தான் ஒன்றரை வருஷம் போச்சு.

41/
"டாக்டர், நீங்களுமா?"ன்னு கேட்டவங்களுக்கு: ஆமாங்க, நானும்தான். வந்த அன்னிக்கு ராத்திரி ரெண்டு மிஷன் ஆடுவேன், பதினொண்ணு மணிக்குப் படுத்துடுவேன். டைனஸ்டி சைடு. மறுநாள் சாயந்திரம் அஞ்சு மணிக்கு கிளினிக் வழக்கம்போல உண்டு.